சர்க்கரை உள்ளவர்கள் நம்பிப் போகக்கூடிய பிசியோதெரபி மையம்

மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரைக்குப் பல வருடமாக மாத்திரை. போன வருடம் இடது தோள் இறுகிப்போய், ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூடக் கை பின்னால் போகவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாகவே வருமாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், முதலில் பிசியோதெரபி பாருங்கள் என்று அனுப்பினார்.

முதலில் போன இடத்தில் சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. மிஷினை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம்தான் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இந்தச் சின்ன மையத்துக்கு வந்தேன்.

இங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண், தோளைத் தொடும் முன் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார். "காலைக் காட்டுங்கம்மா" என்றார். சர்க்கரையால் கால் மரத்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். வலது பெருவிரலில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. காலுக்கு வெந்நீர் ஒத்தடமே கூடாது, சுட்டாலும் தெரியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வெறுங்காலோடு நடக்காமல் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடச் சொன்னார். தையல் மிஷின் மிதிக்கிற எனக்கு இதை அதுவரை யாரும் சொன்னதில்லை.

தோளுக்கு, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது. கூடவே நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழவும் வைத்தார். தோள்வலிக்கு வந்தவளுக்குத் தொடைப் பயிற்சி எதற்கு என்று கேட்டேன். வேலை செய்யும் தசை இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், தொடையில் இருப்பவை பெரிய தசைகள் என்று பொறுமையாக விளக்கினார். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, 2 அல்லது 3 நாள் தசைப் பயிற்சி என்பது கணக்கு.

ஆரம்பிக்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் பயிற்சி. 250-ஐத் தாண்டி உடம்பும் சரியில்லை என்றால் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது கொக்கி மாட்டிக்கொள்கிறேன். மேல் பரணுக்குத்தான் கை இன்னும் எட்டவில்லை. ஒரு தடவைக்கு 300 ரூபாய், வீட்டில் செய்வதையும் எழுதித் தருகிறார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாதது பெரிய குறை. கால் மரத்தவர்கள் வரும் இடம், உடனே போட வேண்டும். மாலையில் கூட்டம், காலையில் போங்கள். மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.