பாமாலை கீர்த்தனை பெரிய எழுத்து புக், வாங்கலாமா?

அம்மாவுக்கு பார்வை கொஞ்சம் மங்கிடுச்சு, அதனால பாமாலையும் (மேல்நாட்டு மெட்டுல பாடுற கிறிஸ்தவ ஞானப்பாட்டு) கீர்த்தனையும் (நம்ம ராகம் தாளத்துல எழுதின கிறிஸ்தவப் பாட்டு) ஒண்ணா சேர்ந்த பெரிய எழுத்து புக் வாங்கினோம். இப்போ குடும்ப ஜெபத்துக்கு வீட்டுல எல்லாருமே இதைத்தான் எடுக்குறோம்.

எழுத்து நல்ல கறுப்பு, வரிக்கு வரி இடம் விட்டிருக்கு, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல கூட அம்மா திணறாம படிக்கிறாங்க. பேப்பர் சுமார்தான். கனம் ஜாஸ்தி, சர்ச்ல நின்னு பாடும்போது வயசானவங்களுக்கு கை வலிக்கும்.

செல்போன்லயே எல்லா பாட்டும் இருக்கே, எதுக்கு புக்குன்னு கேப்பீங்க. எனக்கு இதுல பிடிச்சதே சரணம் எல்லாம் முழுசா இருக்குறதுதாங்க. இப்போ நிறைய இடத்துல ஸ்கிரீன்ல பல்லவியும் ரெண்டு சரணமும் போட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுறாங்க. "தந்தானைத் துதிப்போமே" எடுத்துக்கோங்க, பல்லவியில சபையை கூப்பிடுறதோட சரி, எதுக்காக துதிக்கணும், எண்ணி முடியாத நன்மை அடைமழையா பெய்யுதேன்னு மனசு பொங்குற இடம் சரணத்துலதான் வருது, அதை விட்டுட்டா சும்மா "நன்றி நன்றி"ன்னு சொல்லிட்டு வந்த மாதிரி ஆயிடும். கீர்த்தனை எழுதினவங்க ஆண்டவர் செஞ்சதை ஒவ்வொண்ணா சொல்லி சொல்லித்தான் ஸ்தோத்திரம் பண்ணினாங்க. அறுப்பின் பண்டிகைக்கு வயல்ல விளைஞ்சதை எல்லாம் ஆல்டர் முன்னாடி கொண்டு வந்து வைக்கும்போது இந்த பாட்டை எல்லா சரணமும் விடாம பாடிப் பாருங்க, அப்போ புரியும்.

ரெண்டு பாரம்பரியமும் ஒரே அட்டைக்குள்ள இருக்குறது பெரிய வசதி. பாமாலை பக்கம் பாத்தா, 1706ல தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனரிங்க வந்த காலத்துல இருந்து அவங்க ஊர் ஞானப்பாட்டுகளை தமிழாக்கி பாட ஆரம்பிச்சாங்க, அப்புறம் சென்னை வேப்பேரியில ஊழியம் பண்ணின ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் (ஐயர்னா இங்க பாதிரியார்) நிறைய பாட்டு மொழிபெயர்த்தார். கீர்த்தனை பக்கம் வேதநாயகம் சாஸ்திரியார், 1774ல திருநெல்வேலியில பிறந்து மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கூட தஞ்சாவூர் போய் வளர்ந்தவர், ராகம் தாளம் பல்லவி அனுபல்லவின்னு நம்ம மண்ணோட முறையிலயே கர்த்தரைப் பாடினார். ஆர்கன் வாசிக்க எல்லாரும் எழுந்து நின்னு நாலு குரல்ல பாமாலை பாடும்போது ஒரு பயபக்தி வரும், தாளம் போட்டுக்கிட்டே ஒருத்தர் எடுத்துக் கொடுத்து சபை திருப்பிப் பாடுற கீர்த்தனையில உருக்கம் வரும். எங்க வீட்டுல காலையில பாமாலை, ராத்திரி கீர்த்தனை. ஒண்ணு போதும்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

குறைன்னா, ராகம் தாளம் பேர் தலைப்புல போட்டிருக்காங்க, ஆனா ஸ்வரம் இல்ல. பிலஹரின்னு எழுதியிருந்தா கொயர்ல இருக்குற சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும், பெரியவங்க யாராவது பாடிக் காட்டினாத்தான் உண்டு. நிறைய கீர்த்தனைக்கு மெட்டு தெரிஞ்ச பாட்டிங்க இன்னும் ஊர்ல இருக்காங்க, அவங்களைப் பாட வச்சு செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்கப்பா, தயவு செஞ்சு. இன்னொண்ணு, சில பாட்டுக்கு எழுதினவர் பேர் இருக்கு, பலதுக்கு இல்ல. இவ்வளவு அருமையா எழுதிக் கொடுத்தவங்க பேரை அடுத்த பதிப்புலயாவது எல்லா பாட்டுக்கும் போடணும்.

கடைசியில அகரவரிசை அட்டவணை தெளிவா இருக்கு, ஸ்தோத்திரம், திருவிருந்து, மாலைன்னு தலைப்பு வாரியாவும் பிரிச்சிருக்காங்க, ஜெபம் நடத்துறவங்களுக்கு டக்குன்னு பாட்டு எடுக்க ஈஸி.

வீட்டுக்கு தாராளமா வாங்கலாம். தினமும் சர்ச்சுக்கு தூக்கிட்டுப் போறவங்க சின்ன சைஸ் பாருங்க. கடையில வாங்கும்போது நடுப்பக்கத்தை நல்லா விரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, எங்களுதுல ஒரு பக்கம் தையல் விட்டிருந்துச்சு, கொண்டு போனதும் மறுபேச்சு இல்லாம மாத்திக் கொடுத்தாங்க.