45 மில்லிமீற்றர் என்றார்கள், நம்பினேன்: 85,000 ரூபாயும் போனது, என் கிற்றாரும் போனது

போன சனிக்கிழமை அதிகாலை திருகோணமலை பஸ் நிலையத்தில், கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸின் நடத்துநரிடம் ஒரு நீளப் பெட்டியை வாங்கினேன். உள்ளே, கழுத்து 45 மில்லிமீற்றர் அகலம் என்று சொல்லி விற்ற கிற்றார். இன்று வியாழக்கிழமை. இந்த ஐந்து நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. பழைய கிற்றாரைக் கொடுத்து வேறு கிற்றார் மாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நான் கொடுத்தது 85,000 ரூபாய். அதற்கு மேல், ஒன்பது வருடம் தோளில் சுமந்த என் கிற்றார்.

நான் கிற்றார் பழகியது நைலோன் தந்தி போட்ட கிளாசிக்கல் கிற்றாரில். அதன் கழுத்து, தந்திகள் உட்காரும் நட் என்ற துண்டின் இடத்தில், 52 மில்லிமீற்றர் அகலம். என் விரல்களும் தடித்தவை. வழக்கமான எலெக்ட்ரிக் கிற்றாரில் நட் 42, 43 மில்லிமீற்றர்தான் இருக்கும். அதில் ஏ மேஜர் கோர்ட் (பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடித்தால் மூன்று விரல்கள் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். கடைசி விரல் கீழ்த்தந்தியைத் தொட்டு அதன் ஒலியைக் கொன்றுவிடும். ஒன்பது வருடம் அப்படியொரு எலெக்ட்ரிக் கிற்றாரில்தான் சமாளித்தேன். உள்ளே வெறுமையான உடலும் அகலக் கழுத்தும் உள்ள எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வெற்றுடல் என்றால் ஒலிபெருக்கியில் இணைக்காமலே ஓரளவு ஒலிக்கும். பிள்ளை தூங்கிய பிறகும் வீட்டில் பழகலாம்.

பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் கொழும்புக் கடையொன்றின் விளம்பரத்தில் அதைக் கண்டேன். ‘முழு வெற்றுடல், அகலக் கழுத்து, மாற்றிக்கொள்ளவும் தருவோம்.’ அழைத்தேன். முதலாளியே பேசினார். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். திருகோணமலை என்றதும் குரலே மாறிவிட்டது. கோணேசர் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்ததையும், கோட்டை வாசலில் மான்கள் நின்றதையும் சொன்னார். “கோணேசர் மண்ணில் இருக்கும் ஒருவரை நான் ஏமாற்றுவேனா, தம்பி?” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு நான் எதையும் சந்தேகிக்கவில்லை.

கழுத்தை அளந்து படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. கழுத்தின் மேல் அடிமட்டம், 45இல் விளிம்பு. “அறுபதுகளின் வடிவம், தம்பி. அந்தக் காலத்தில் கழுத்து அகலம்தான்” என்றார். உங்கள் கிற்றாரை முதலில் அனுப்புங்கள், பணத்தையும் வங்கியில் போடுங்கள், அடுத்த பஸ்ஸில் என்னுடையது ஏறும் என்றார். உப்புவெளி ஹோட்டல்களில் இந்தப் பருவம் முழுக்க வாசித்துச் சேர்த்த 85,000 ரூபாயை அன்றே போட்டேன். வாடை தொடங்கினால் அங்கே வாசிப்பு இல்லை. ஆறு மாத உழைப்பு அது.

பெட்டியைத் திறந்து முதல் கோர்ட் பிடித்தபோதே விரல் சொல்லிவிட்டது. மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து அளந்தேன். நட்டில் 41. என் பழைய கிற்றாரை விடவும் குறுகியது! படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அடிமட்டம் நட்டின் மேல் இல்லவே இல்லை. நான்காவது பிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் இருக்கிறது. கழுத்து உடலை நோக்கிப் போகப் போக அகலும். நட்டில் 41 உள்ள கழுத்து நான்காவது பிரெட்டில் 45 காட்டும். படத்தின் மேற்பகுதியை வேண்டுமென்றே வெட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

உடலில் வயலினில் இருப்பதைப் போன்ற வளைந்த துளைகள் இரண்டு. அதற்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன். நடுவே தடித்த மரக்கட்டை ஒன்று நீளத்துக்கும் ஓடுகிறது. வெற்றுடலும் இல்லை. கிப்சன் நிறுவனம் 1958இல் வெளியிட்ட ஈ.எஸ். 335 என்ற எலெக்ட்ரிக் கிற்றாரின் அமைப்பு இது. அதிக ஒலியில் ஊளையிடாமல் இருக்க நடுவில் கட்டை வைப்பார்கள். அது தரக்குறைவான அமைப்பு அல்ல, ஆனால் நான் கேட்டது அதுவல்ல. அந்த 335இன் நட்டே 1958இல் 43 மில்லிமீற்றரளவு இருந்து, 1965 வாக்கில் 40 அளவுக்குச் சுருங்கியது. அறுபதுகளில் கழுத்து அகலம் என்று அவர் சொன்னபோதே நான் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு அழைத்தேன். “புதுத் தந்தி, தம்பி, இரண்டு நாளில் பழகிவிடும்” என்றார். தந்தி பழகினால் மரம் அகலுமா? மாலையில் மறுபடி அழைத்தேன். “நான் கழுத்து 45 என்றுதான் சொன்னேன், நட் என்று சொல்லவில்லையே” என்றார். ஞாயிறு ஒரு பையன் எடுத்தான். முதலாளி வெளியே போயிருக்கிறாராம். திங்கள் அதே பையன், “உங்கள் கிற்றார் விற்றுப்போய்விட்டது, அண்ணா. நாலு மில்லிமீற்றருக்கு ஏன் இவ்வளவு சத்தம்?” என்றான். ஆறு தந்திகளுக்கு நடுவே ஐந்து இடைவெளிகள்தான். நாலு மில்லிமீற்றர் என்பது அதில் ஒவ்வொன்றிலும் முக்கால் மில்லிமீற்றருக்கு மேல். என் விரல் அடுத்த தந்தியைத் தொடுவதும் தொடாமல் இருப்பதும் அந்த முக்காலில்தான் இருக்கிறது. இதைக் கிற்றார் விற்பவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? செவ்வாய் முதல் என் அழைப்பு போவதில்லை. செய்திகளைப் படிக்கிறார்கள், பதில் இல்லை.

85,000 ரூபாய். கிற்றார் விற்றுப்போனது உண்மையென்றால் அந்தப் பணமும் அவர்கள் கையில்தான்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துவிட்டேன். பற்றுச்சீட்டு, படம், செய்திகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் இப்படியானவற்றை அழித்துவிடாதீர்கள், அதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. நட்டையும் அடிமட்டத்தையும் தலைப்பகுதியோடு சேர்த்து ஒரே படத்தில் கேளுங்கள். படம் போதாது, வீடியோவில் அளக்கச் சொல்லுங்கள். துளைக்குள் வெளிச்சம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கருவியை முதலில் அனுப்பாதீர்கள். கொழும்பில் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் அவரைக் கடைக்கு அனுப்பி, கையால் பிடித்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். முடியாவிட்டால் 260 கிலோமீற்றர் நீங்களே போங்கள், பஸ் கட்டணம் பெரிதல்ல.

நாளை இரவு உப்புவெளியில் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஓர்ஸ்ஹில்லில் இருக்கும் நண்பரிடம் கிற்றார் இரவல் கேட்கப் போகிறேன்.