மல்டிசிக் வாலட்: முன்கூட்டியே கையெழுத்து கேட்டால் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் தம்பி இருவர், சேமநிதிப் பணத்தில் வாங்கிய பிட்காயினை மொத்தமாகப் பறிகொடுத்திருக்கிறார்கள். சாவி திருடு போகவில்லை, பாஸ்வேர்டும் கசியவில்லை. வாலட் அமைத்துத் தந்தவரிடம் முன்கூட்டியே போட்டுக்கொடுத்த ஒரே ஒரு கையெழுத்தில் (சாவியால் பணம் அனுப்ப அனுமதி தருவது) எல்லாம் போய்விட்டது. அதே ஆள் இப்போது பக்கத்துத் தாமான்களில் "வாலட் செட் பண்ணித் தர்றேன்" என்று சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அவர்களுடையது மல்டிசிக், அதாவது பல கையெழுத்து கேட்கும் வாலட்: மூன்று சாவி, அதில் எந்த இரண்டு கையெழுத்து விழுந்தாலும் பணம் நகரும். அண்ணனிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, 'பேக்கப்' என்று அவரிடம் ஒன்று. "நாளைக்கு உங்களுக்கு ஏதும் ஆயிட்டா பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரணும்ல, ஆறு மாசத்துக்கு இது செல்லாது" என்று சொல்லி ஒரு பரிவர்த்தனையில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கினார். தன்னுடையதையும் சேர்த்து உடனே அனுப்பிவிட்டார். தம்பியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏமாற்று, எலெக்ட்ரம் என்ற வாலட் மென்பொருளின் திரையிலேயே இருந்தது. லாக்டைம் (பரிவர்த்தனை எப்போதிலிருந்து செல்லும் என்பது) என்ற இடத்தில் இருந்த பெரிய எண்ணைக் காட்டி "பூட்டியாச்சு" என்றாராம். அது அன்றைய பிளாக் (பரிவர்த்தனைகள் பதிவாகும் தொகுதி) எண். எலெக்ட்ரம் வழக்கமாகவே அதைத்தான் போடும். அடுத்த பிளாக்கிலேயே பரிவர்த்தனை செல்லும். உண்மையில் ஆறு மாதம் பூட்ட வேண்டுமென்றால், நாளுக்குச் சுமார் 144 பிளாக் வீதம், அந்த எண்ணோடு ஏறக்குறைய 26,000 கூட்டியிருக்க வேண்டும். அதுவும் போதாது. எல்லா இன்புட்டின் (பரிவர்த்தனை செலவழிக்கும் ஒவ்வொரு காயின்) சீக்வென்ஸ் என்ற எண்ணும் 4294967295 என்றிருந்தால் நெட்வொர்க் லாக்டைமைக் கண்டுகொள்ளாது. பணம் போகும் முகவரியும் முக்கியம்: உங்கள் வாலட்டுடையதாக இருந்தால் பச்சை அல்லது மஞ்சள் நிறம் தெரியும். இதில் நிறமே இல்லை. 'பிள்ளைகள் முகவரி' என்று அவர் சொன்னதைப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தயவுசெய்து இன்றே கவனியுங்கள். ஃபைலை அழிப்பதும் பாஸ்வேர்டை மாற்றுவதும் உதவாது, நகல் அவரிடம் இருக்கிறது. காசோலை என்றால் வங்கியில் சொல்லி நிறுத்தலாம். இங்கே ஒரே வழி, அந்தப் பரிவர்த்தனை தொடும் காயினை நீங்கள் முந்திக்கொண்டு செலவழிப்பது. ஒரு இன்புட் செலவாகி உறுதியானாலே அது செல்லாமல் போகும். ஆனால் அதே மாதிரி இன்னும் எத்தனை வைத்திருக்கிறாரோ, அதனால் எல்லாக் காயினையும் புதிய சீட் வார்த்தைகளில் (சாவியை மீட்க உதவும் சொற்கள்) அமைத்த வாலட்டுக்கு மாற்றுங்கள். கட்டணத்தைத் தாராளமாக வையுங்கள். தெரிந்தால் அவரும் போட்டிக்கு அனுப்புவார். மூன்று சாவிகளின் மாஸ்டர் பப்ளிக் கீயையும் (வாலட் முகவரிகளை உருவாக்கும் பொதுச் சாவி) எழுதி வையுங்கள். மூன்றாவது இல்லாமல், கையில் இரண்டு சீட் இருந்தும் வாலட்டை மீட்க முடியாது.

வங்கி வழியாகப் போன பணம் என்றால் உடனே 997-ஐ (தேசிய மோசடி எதிர்வினை மையம்) அழைத்து முடக்கப் பார்க்கலாம். பிட்காயின் உறுதியானபின் யாராலும் திருப்ப முடியாது. ஆனாலும் பரிவர்த்தனை எண், போன முகவரி, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்.