லூபஸ் உள்ள அக்காவுக்கு வாங்கிய எம்சிடி எண்ணெய்

எம்சிடி என்றால் நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்பு. இந்த எண்ணெயை எடை குறைக்கிறவர்கள் காபியில் ஊற்றிக் குடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் தேவை வேறு. அக்காவுக்கு லூபஸ், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய், அது குடலையும் பிடித்துக்கொண்டதால் உடம்பின் புரதம் குடல் வழியாகவே கசிந்து வெளியேறுகிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் லிட்டருக்கு 35 கிராமாவது இருக்க வேண்டும், அக்காவுக்கு 20க்கும் கீழே போய் காலும் முகமும் வீங்கிவிட்டன. சிறுநீரில் புரதம் போகவில்லை, கல்லீரலும் சரியாகத்தான் இருந்தது, அப்புறம் மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற ரத்தப் புரதத்தை அளந்து பார்த்துத்தான் குடல் என்று உறுதிப்படுத்தினார்கள்.

நோயை அடக்குவது ஸ்டீராய்டும் மற்ற மாத்திரைகளும்தான், எண்ணெய் இல்லை. ஆனால் வழக்கமான கொழுப்பு நிணநீர்க் குழாய்கள் வழியாகப் போகிறது, அங்கே அழுத்தம் கூடினால் புரதக் கசிவும் கூடலாம் என்பதால் டயட்டீஷியன் கொழுப்பைக் குறைத்து, புரதத்தைக் கூட்டி, எம்சிடி எழுதிக் கொடுத்தார். அது நிணநீர்ப் பக்கம் அதிகம் போகாமல் நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும்.

சரி, சமையலுக்கு எப்படி? வாசனையே கிடையாது, இட்லிப் பொடியில் குழைத்தால் நல்லெண்ணெய் மணத்துக்கு ஏங்க வேண்டியதுதான். தாளிக்க ஆகாது, அதிகச் சூட்டில் புகைந்து கசந்துவிடும். பருப்பையும் மீன் குழம்பையும் எண்ணெய் விடாமல் வைத்து, இறக்கிய பிறகு அக்காவின் கிண்ணத்தில் மட்டும் ஒரு கரண்டி ஊற்றுகிறோம். கொழுப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் சுளித்தவர் இப்போது தட்டைக் காலி செய்கிறார், எனக்கு அதுவே பெரிய நிம்மதி. முதலில் கால் கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் வயிறு போகும்.

விலைதான் கொஞ்சம் உறைக்கிறது. அதற்காகத் தேக்கா சந்தையில் தேங்காய் எண்ணெய் வாங்கிச் சமாளிக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், அது பெரும்பாலும் வழக்கமான கொழுப்பு போகும் வழியிலேயே போகும். ஒரு மருந்துக்கடையில் எங்களிடமே அதை மாற்றாக எடுத்து நீட்டினார்கள். லேபிளில் சி8, சி10 (8, 10 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள்) மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சுவை சேர்த்தது வேண்டாம். உடம்புக்கு அவசியமான சில கொழுப்புகள் இதில் இல்லை, அதனால் வழக்கமான எண்ணெய் எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் டயட்டீஷியனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சில பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும், கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ ஊற்றி வையுங்கள்.