நம் ஊருக்கு உரிமம் இல்லாத டார்த் வேடர்

என்னிடம் உள்ள, ஸ்டார் வார்ஸ் திரைப்பட வில்லன் டார்த் வேடரின் பொம்மை உருவத்தின் சிறப்புப் பதிப்பைத் தாமும் வாங்கலாமா என்று மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் கேட்டதனால் இதை எழுதுகிறேன். ஆள் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு, துணி மேலங்கி, ஒளிரும் வாள் ஆகிய விவரங்கள் சேகரிப்பாளர்கள் அறிந்தவையே. பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் சில கோடைகளைக் கடந்த பின்னும் இதன் செயற்கைத் தோல் உரியவில்லை. மூட்டுகள் வைத்த நிலையில் நிற்கின்றன. தலைக்கவசத்தின் மெருகும் மங்கவில்லை. இவ்வளவு உழைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற மாதம் வலது மணிக்கட்டின் முளை முறிந்தது. விரல் நகத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் துண்டு அது. விற்ற வெளிநாட்டுக் கடைக்கு எழுதினேன். இப்பதிப்பை விற்க அனுமதியுள்ள நாடுகளுக்கு மட்டுமே உதிரிபாகம் அனுப்ப இயலும் என்றும், இந்தியா அப்பட்டியலில் இல்லை என்றும் மிகுந்த பணிவோடு பதில் வந்தது. பணிவு கூடக்கூட எரிச்சலும் கூடியது.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கதாபாத்திரத்தின் உரிமை ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிமுடையது. அந்த நிறுவனத்தை 2012இல் டிஸ்னி வாங்கிவிட்டது. உருவம் செய்பவருக்குக் கிடைப்பது அனுமதி மட்டுமே. அதுவும் எந்த நாடு, எவ்வகைப் பொருள், எத்தனை காலம் என்று வரையறுத்தே தரப்படுகிறது. ஜப்பானியப் பொம்மை நிறுவனமான பண்டாயின் ஸ்டார் வார்ஸ் பிளாஸ்டிக் மாதிரிகள் ஜப்பானியக் கடைகளில் தாராளமாகக் கிடைத்த காலத்தில், அமெரிக்காவில் அவ்வுரிமம் ரெவெல் என்ற மற்றொரு மாதிரி நிறுவனத்திடம் இருந்தமையால், அங்குள்ள ரசிகர்கள் அவற்றை இறக்குமதியாகவே தேடி வாங்கினர். அங்கே குறுக்கே நிற்கப் போட்டியாளர் ஒருவராவது இருந்தார். இங்கே விற்பதற்கு யாரும் உரிமம் கேட்காததே தடையாகிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நமது பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. அது பாய் எங்கே நெய்யப்பட வேண்டும் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. நெய்த பாயை உலகில் எவரும் வாங்கலாம். இந்த உருவத்தின் கதை நேர்மாறு: சீனாவில் தயாராகிப் பல கடல்களைத் தாண்டுகிற பொருளுக்கு, வாங்குபவரின் முகவரிதான் சிக்கல்.

இதனோடு சுங்கமும் சேர்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதற்கு உரிமதாரர்களைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் ஜங்ஷனில் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டிக் கொடுத்தார். கை வாளைத் தாங்குகிறது, ஆனால் திரும்புவதில்லை. நண்பருக்கு என் பதில்: இந்த விலையில் இதைவிட நேர்த்தியான உருவத்தை நான் கண்டதில்லை; வாங்க வேண்டாம். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. முளை முறிவதற்கு முன் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.