ஐஸ் மேக்கர் உள்ள பிரெஞ்ச் டோர் ஃபிரிட்ஜ் (மேலே இரட்டைக் கதவு, கீழே ஃப்ரீசர்) வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் அடங்கும்வரை காத்திருந்தால் பாதி விவரம் விட்டுப்போகும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடை அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு, ஐஸ் மேக்கர் வேலை செய்யாத ஃபிரிட்ஜைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் ஏற்கெனவே இன்னொரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த ஃபிரிட்ஜ். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்ப வைத்தது டெமோதான். விற்பனையாளர் கண்ணாடித் தம்ளரை, கதவில் ஐஸும் தண்ணீரும் வரும் டிஸ்பென்சரின் லீவரில் வைத்து அழுத்தினார், கடகடவென்று ஐஸ் விழுந்தது. "பாத்தீங்களா சார், இருபத்துநாலு மணி நேரமும் இப்படித்தான். தண்ணி கனெக்‌ஷன் குடுத்துட்டா அதப் பத்தி நீங்க மறந்தே போயிடலாம்" என்றார். இரண்டு மாதச் சம்பளம் அந்த ஒரு தம்ளர் ஐஸைப் பார்த்துத்தான் கைமாறியது.

அந்த ஷோரூம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயே கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து, ஃபிரிட்ஜுக்குள் ஐஸ் சேரும் பக்கெட்டில் கொட்டி வைத்த ஐஸ் அது. லீவரை அழுத்தும்போது நடப்பது ஒன்றே ஒன்றுதான்: பக்கெட்டுக்குள் இருக்கும் சுருள் தண்டை ஒரு மோட்டார் சுற்றி, இருக்கிற ஐஸை வெளியே தள்ளுகிறது. ஐஸ் தயாராவது அதற்கு மேலே இருக்கும் தட்டில். தண்ணீர் விடும் வால்வு, தட்டின் குளிரை அளக்கும் சென்சார், உறைந்த கட்டிகளைத் தள்ளிவிடும் மோட்டார், பக்கெட் நிரம்பியதைக் கண்டுபிடிக்கும் கம்பி அல்லது ஒளி சென்சார் எல்லாம் சேர்ந்ததுதான் ஐஸ் மேக்கர். டெமோவில் இவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை. ஐஸ் விழுகிற சத்தத்தைக் காட்டி ஐஸ் மேக்கரை விற்றுவிட்டார்கள்.

அடுத்தது வாரண்டி. "பத்து வருஷம் கவலையே இல்ல" என்று வாயால் சொன்னார்கள். பில்லோடு வந்த அட்டையில் பத்து வருடம் கம்ப்ரசருக்கு மட்டும், அதிலும் பாகத்துக்கு மட்டும். மாற்றுகிற கூலியும் கேஸ் நிரப்புகிற செலவும் நம் தலையில். ஐஸ் மேக்கர், தண்ணீர் வால்வு, ஃபேன், போர்டு எல்லாமே ஒரு வருடம்தான். இந்த வகை ஃபிரிட்ஜில் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் சீக்கிரம் கெடுவது அரிது. அடிக்கடி கெடுவது ஐஸ் மேக்கர். கெடாததற்குப் பத்து வருடம், கெடுவதற்கு ஒரு வருடம் என்றால் யாருக்குச் சாதகம் என்று நீங்களே பாருங்கள்.

சரியாக ஓடும் ஐஸ் மேக்கர் எப்படி இருக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும், மேலே உள்ள ஃபிரிட்ஜ் பகுதி 3 டிகிரிக்கும் வர முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதுவரை ஐஸ் வராமல் இருப்பது இயல்பு. அதன் பிறகு வால்வு சில வினாடிகள் திறந்து, தட்டில் சுமார் 100 மி.லி. தண்ணீர் விடும் (மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்). தட்டு மைனஸ் 10 டிகிரி பக்கம் போனதும் சென்சார் சொல்லும். சில மாடல்களில் தட்டின் அடியில் உள்ள ஹீட்டர் லேசாகச் சூடாக்கி, விரல் போன்ற கம்பிகள் கட்டிகளைத் தள்ளும். வேறு சிலவற்றில் பிளாஸ்டிக் தட்டையே முறுக்கி உதிர்க்கும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், எட்டு அல்லது பத்து கட்டிகள். நாள் முழுக்க ஓடினால் ஒன்றரை கிலோ அளவுக்கு வரும். முதல் ஓரிரு பக்கெட் ஐஸைக் கொட்டிவிட வேண்டும், புதுப் பிளாஸ்டிக் வாடையும் ஃபில்டரின் கரித்தூளும் அதில் இருக்கும். புது ஃபில்டர் போட்டதும் டிஸ்பென்சரில் 12 முதல் 15 லிட்டர் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்ட வேண்டும். கடையிலிருந்து வந்து இணைப்பு கொடுத்த ஆள் இதையெல்லாம் செய்யவுமில்லை, சொல்லவுமில்லை.

வந்த ஃபிரிட்ஜில் ஆரம்பத்தில் உள்ளே குழியான, தக்கையான கட்டிகள் கொஞ்சம் வந்தன. பிறகு அதுவும் நின்றது. ஐஸ் அறையைத் திறந்தால் சுவர் முழுக்கப் பனி, ஃபேன் பனியில் உரசிக் கரகரவென்று சத்தம். கடைக்கு ஃபோன் செய்ததும் தட்டிக்கழிப்பு தொடங்கியது.

முதல் பதில்: "புது ஃபிரிட்ஜ் சார், ஒரு நாள் டைம் குடுங்க." ஒரு நாளுக்கு அது சரியான பதில். ஃப்ரீசர் மைனஸ் 18-ல் நிலைத்துவிட்ட பிறகும் அதையே சொன்னால் அது பொய். ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஆள், புதிதாகக் கதை சொல்ல வேண்டும், மறுபடி "ஒரு நாள் டைம் குடுங்க."

இரண்டாவது பதில்: "உங்க வீட்டுல தண்ணி பிரஷர் இல்ல." இதை நன்றாகக் கவனியுங்கள், பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் வாயடைத்துப் போகிறார்கள். ஐஸ் மேக்கருக்குப் பொதுவாக 20 முதல் 120 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அழுத்தம் குறைந்தால் தட்டு பாதிதான் நிரம்பும், கட்டி குழியாக வரும். அதைவிட மோசமானது, வால்வு முழுக்க மூடுவதே தண்ணீரின் அழுத்தத்தால்தான். அழுத்தம் போதாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, தட்டுக்குத் தண்ணீர் விடும் சிறு குழாயிலேயே உறைந்து அடைத்துவிடும். ஆகவே அவர்கள் சொல்கிற காரணம் உலகத்தில் இல்லாததல்ல. ஆனால் அழுத்தமானியை அவர்களில் யாரும் குழாயில் மாட்டிப் பார்க்கவே இல்லை, ஃபோனிலேயே தீர்ப்பு. நானே மாட்டிப் பார்த்தபோது 50 பி.எஸ்.ஐ. காட்டியது.

மானி இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். டிஸ்பென்சரில் வரும் குடிதண்ணீரும் ஐஸ் மேக்கருக்குப் போகும் தண்ணீரும் ஒரே குழாயில் வந்து, பெரும்பாலான மாடல்களில் ஒரே ஃபில்டரைத் தாண்டி, பிறகுதான் இரண்டு வால்வுகளாகப் பிரிகின்றன. டிஸ்பென்சரில் தண்ணீர் வேகமாக வந்து ஐஸ் மட்டும் வராவிட்டால், பழி உங்கள் வீட்டுக் குழாயின் மேல் இல்லை. கோளாறு அதைத் தாண்டி, ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. டிஸ்பென்சரிலும் மெதுவாக வந்தால் மட்டும் ஃபில்டரைக் கழற்றி, அதற்கான மூடியையோ புது ஃபில்டரையோ போட்டுப் பாருங்கள். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து இணைப்பு எடுத்திருந்தால் அழுத்தம் நிஜமாகவே குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பல ஐஸ் மேக்கர்களில் சோதனைக்கென்று சிறிய பொத்தான் இருக்கும். பக்கெட்டைக் கழற்றி, அதைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் தட்டு ஒரு சுற்று சுற்றித் தண்ணீர் கேட்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வால்வு ரீங்கரிக்கும் சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் குழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சத்தமே இல்லாவிட்டால் வால்வு, வயர் அல்லது போர்டு. வந்த டெக்னீஷியன் இந்தப் பொத்தானைத் தொடக்கூட இல்லை.

மூன்றாவது பதில்தான் அதிகமாக எரிச்சலூட்டியது: "கதவ அடிக்கடி தெறக்குறீங்க சார், அதான் பனி." பிரெஞ்ச் டோரில் ஃப்ரீசர் கீழே இருக்கிறது. கதவில் ஐஸ் விழும் மாடல்களில் ஐஸ் அறை மேலே, 3 டிகிரியில் இருக்கும் ஃபிரிட்ஜ் பகுதிக்குள் ஒரு தனிப்பெட்டியாக இருக்கிறது. சுற்றிலும் உருகு நிலைக்கு மேல் குளிர், நடுவில் மட்டும் உறைநிலை. அந்தப் பெட்டியின் கேஸ்கெட்டிலோ (ஓரத்து ரப்பர் பட்டை) மூட்டிலோ சிறு இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே போய் ஃபேனிலும் சுவரிலும் பனியாக ஒட்டும். ஐஸ் விழும் வாயில் ஒரு மூடி இருக்கிறது. அது ஒரு சிறு துண்டு ஐஸ் சிக்கி முழுக்க மூடாமல் நின்றாலும் இதேதான். கதவைத் திறப்பதற்கென்றுதான் ஃபிரிட்ஜ் விற்கிறார்கள். சாதாரணமாகத் திறந்து மூடுவதால் ஐஸ் அறை முழுக்கப் பனி பிடித்தால் அது தயாரிப்புக் கோளாறு அல்லது எங்கோ அடிபட்ட கோளாறு.

டெக்னீஷியன் வந்து நீராவி அடித்துப் பனியை உருக்கினார். "சரியாயிடுச்சு" என்று தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். இடைவெளி அப்படியே இருக்கும்போது பனியை மட்டும் உருக்கினால் மறுபடி பிடிக்கத்தானே செய்யும்? பிடித்தது. அடுத்த முறை கூப்பிட்டபோது, போன புகார் தீர்ந்துவிட்டது, இது புதுப் புகார் என்றார்கள். கடையைக் கேட்டால் கம்பெனி, கம்பெனியைக் கேட்டால் இணைப்புக் கொடுத்த ஆள், அவரைக் கேட்டால் கடை. இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தவர் மூன்று பேருக்கும் நடுவே நிற்க வேண்டியதுதான். கடை மேலாளர் கடைசியில் "மாத்தித் தர்ற தேதி முடிஞ்சுபோச்சு சார்" என்று கையை விரித்தார். "டைம் குடுங்க, டைம் குடுங்க" என்று அந்தத் தேதியைத் தாண்ட வைத்ததே அவர்கள்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, வாரண்டி தொடங்கிய தேதி பில் தேதிக்கு முந்தியதாக இருந்தது. அப்படியானால் இந்த ஃபிரிட்ஜ் வேறு யாருடைய பெயரிலோ ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு பார்த்தால் அடையாளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஐஸ் தட்டின் விளிம்பில் தண்ணீர் நின்று காய்ந்த வெள்ளைச் சுண்ணக்கோடு. ஃபில்டர் உறை பிரிக்கப்பட்டு உள்ளே ஏற்கெனவே மாட்டியிருந்தது. மேல் கீலின் திருகுகளில் பெயிண்ட் உரிந்திருந்தது. இந்த ஃபிரிட்ஜ்கள் அகலமானவை, பல வீடுகளில் கதவுகளைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடியும். கழற்றும்போது கீலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயையும் வயர் இணைப்பையும் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது குழாய் நசுங்கினாலோ, முட்டும்வரை உள்ளே போகாவிட்டாலோ கசிவு வரும். வயர் சரியாக அமராவிட்டால் டிஸ்பென்சரோ, கதவிலேயே ஐஸ் மேக்கர் இருக்கும் மாடலில் ஐஸ் மேக்கரோ செத்துப்போகும். கதவு சமமாக நிற்காவிட்டால் கேஸ்கெட் படியாது. இங்கே ஃபிரிட்ஜைக் கதவு கழற்றாமலேயே உள்ளே வைத்தார்கள். அப்படியானால் அந்தத் திருகுகளைக் கழற்றியது யார்? இந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து கடையில் ஃபோன் எடுப்பதில்லை.

இரண்டு மாதச் சம்பளம்! புதுப்பொருளுக்கு முழு விலை வாங்கிக்கொண்டு, யாரோ குறை கண்டு திருப்பிய பொருளை, அதே குறையோடு கொடுத்திருக்கிறார்கள்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. அவசரமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணை வாங்கி, வாரண்டி எப்போது தொடங்கியது என்று கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் ஃபிரிட்ஜின் உள்சுவரில் ஒட்டியுள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டெலிவரி ஆட்கள் போகும் முன் ஐஸ் தட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட்டில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள், தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் படியவில்லை. குழாயில் ஊசியால் துளை போட்டு மாட்டும் சிறு வால்வை இணைப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், சீக்கிரம் அடைக்கும், கசியும். தனியாக மூடித் திறக்கும் கால் அங்குல இணைப்பு வால்வுதான் வேண்டும்.

எல்லாப் புகாரையும் எழுத்தில் கொடுங்கள், மாற்றித் தரும் கெடு முடியும் முன்பே கொடுங்கள். பனியை உருக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், "பனி உருக்கப்பட்டது, காரணம் கண்டறியப்படவில்லை" என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.