பஸ்சுக்குத் தனித்தடமா, மாசி வீதிக்குள் காருக்குத் தடையா? மதுரைக்கு எது முதலில்?

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்குப் போட்ட மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மதுரை 20 லட்சத்தைத் தொடவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்த அளவு பயணிகளுக்குப் பஸ் தனித்தடமே பொருத்தம் என்பதும் அதோடு சேர்ந்து வந்தது. மெட்ரோ கிடைக்குமா கிடைக்காதா என்ற அரசியல் சண்டையில் இந்த இரண்டாவது விஷயம் அமுங்கிவிட்டது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மெட்ரோவுக்கு நாளைக்கே அனுமதி கிடைத்தாலும் முதல் ரயில் ஓடப் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ்சில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு என்ன வழி?

பேச்சில் அடிபடும் யோசனைகள் மூன்று. சாலை நடுவில் தடுப்பு கட்டி முழு நீளத்துக்கும் பஸ்சுக்குத் தனித்தடம் போடுவது. நெரிசல் இறுகும் சில இடங்களில் மட்டும் பஸ்சை முந்தவிடுவது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைவீதிகளான மாசி வீதிகளுக்குள் பகலில் கார் நுழையத் தடை போடுவது. யாரும் பெரிதாக விவாதிக்காமலே நடந்துகொண்டிருக்கிற நாலாவது வழி மேம்பாலம்.

முழுத் தனித்தடத்தை ஆதரிப்பவர்கள் அகமதாபாத்தைக் காட்டுகிறார்கள். 2009 அக்டோபரில் அங்கே 12.5 கிலோமீட்டரில் தொடங்கினார்கள். பஸ்சின் தரை உயரத்துக்கே நிறுத்த மேடை, டிக்கெட் நிறுத்தத்திலேயே, படியேறாமல் ஏறி இறங்கலாம். எதிர்ப்பவர்கள் டெல்லியைக் காட்டுகிறார்கள். அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 2008-இல் வந்த 5.8 கிலோமீட்டர் தடத்தை 2016-இல் இடித்தே விட்டார்கள். இரண்டையும்விட நமக்குப் பக்கத்தில் இருப்பது ஹூப்ளி - தார்வாட். மதுரையைவிடச் சின்ன இரட்டை நகரம், 22 கிலோமீட்டர் தடம், 2018-இல் பஸ் ஓடத் தொடங்கியது. ஆனால் அங்கே இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த சாலையை அகலப்படுத்திவிட்டுத்தான் தடம் போட்டார்கள்.

மதுரையின் சிக்கல் அகலத்தில்தான் இருக்கிறது. மேலூர் சாலையில் மாட்டுத்தாவணிக்கும் ஒத்தக்கடைக்கும் நடுவே தடம் போட இடம் கிடைக்கும். பைபாஸ் ரோட்டிலும் சில பகுதிகளில் முடியும். ஆனால் அங்கெல்லாம் பஸ் ஓரளவு ஓடத்தான் செய்கிறது. பஸ் நின்றுபோவது வடக்கு வெளி வீதியில், சிம்மக்கல்லில், யானைக்கல்லில், கோரிப்பாளையத்தில். அங்கே நடுவில் தடுப்பு வைத்தால் மீதிச் சாலையில் ஒரு குட்டி யானை பழுதாகி நின்றாலும் ஊரே நிற்கும். இடம் இருக்கிற பக்கம் தேவை குறைவு, தேவை இருக்கிற பக்கம் இடமில்லை. கட்டடங்களை இடித்து அகலப்படுத்தலாம் என்பவர்கள் வடக்கு வெளி வீதியில் ஒரு நடை நடந்து, எந்தக் கடையை, எந்த வீட்டை என்று காட்ட வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஆகவே நான் இரண்டாவது யோசனையின் பக்கம். பஸ் இழக்கும் நேரம் வழி முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. சில முடிச்சுகளில் குவிந்துகிடக்கிறது. சிக்னலுக்கு முன்னால் கடைசி நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு மட்டும் இடது ஓரத்தைப் பஸ்சுக்கு ஒதுக்கி, மற்ற வண்டிகளுக்குச் சில வினாடி முன்னதாகப் பஸ்சுக்குப் பச்சை கொடுத்தால் போதும், அது வரிசையின் தலைக்கு வந்துவிடும். இதற்கு மேம்பாலம் கட்டுகிற செலவும் இல்லை, வருஷமும் இல்லை. பெயிண்ட், கம்பம், சிக்னலில் ஒரு மாற்றம், அப்புறம் நிஜமாகவே அங்கே நிற்கிற போலீஸ்காரர். பெங்களூருவில் 2019-இல் சில்க் போர்டு - கே.ஆர்.புரம் வெளிவட்டச் சாலையில் இடது ஓரத்தில் தடுப்புக் கம்பம் நட்டுத்தான் பஸ்சுக்கு வழிவிட்டார்கள். அது நீண்ட தடம். நமக்கு வேண்டியது துண்டு துண்டாக.

முதல் துண்டு யானைக்கல்லிலிருந்து ஏ.வி. பாலத்தில் ஏறும் இடம். வைகையின் மேல் 1880-களில் கட்டிய பாலம் அது. அதன்மேல் தனித்தடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பாலத்துக்குள் யார் முதலில் நுழைவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். அறுபது பேரோடு வருகிற பஸ்சும் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிற காரும் அங்கே ஒரே மரியாதையோடு காத்திருக்கின்றன. இது சமத்துவம் ஆகாது.

இரண்டாவது துண்டு கோரிப்பாளையம். இங்குள்ள மேம்பாலத் திட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். டவுன் பஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் இறக்க கோரிப்பாளையத்தில் நின்றே தீர வேண்டும். மேலே பறந்துபோக அதற்கு வழியில்லை. காளவாசலிலும் இதே கதைதான், பாலத்துக்குக் கீழேதான் பஸ் நிறுத்தம். அதாவது மேம்பாலத்தின் பலன் நேராகப் போகும் கார்களுக்கு நேரடியாகவும், பஸ்சுக்குக் கீழே மிச்சமாகும் இடம் வழியாகவும்தான் கிடைக்கும். அந்த மிச்ச இடத்தைப் பஸ்சுக்கென்று எழுதி ஒதுக்காவிட்டால், சில மாதத்தில் அது பார்க்கிங் ஆகவும் ஷேர் ஆட்டோ நிறுத்தமாகவும் மாறிவிடும். இவ்வளவு கோடி கொட்டிக் கட்டுகிற பாலத்தின் அடியிலாவது பஸ் பயணிக்கு ஒரு பங்கு கேட்பது நியாயம்தானே.

பஸ் வேகமாகப் போனால் பயணிக்கு மட்டும் லாபம் என்று நினைக்கக் கூடாது. பஸ் ஊழியர்கள் ஒரு வழிப் பயணத்தை ‘சிங்கிள்’ என்பார்கள். ஒவ்வொரு சிங்கிளிலும் சில நிமிஷம் மிச்சமானால், ஒரு ஷிப்டில் அதே பஸ், அதே டிரைவர், அதே கண்டக்டர் கூடுதலாக ஒரு நடை ஓட்ட முடியும். புதுப் பஸ் வாங்காமலே பஸ் கூடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஜெய்ஹிந்துபுரத்திலும் வில்லாபுரத்திலும் வேலைக்குக் கிளம்புகிற பெண்களுக்கு இன்றைக்கு மிச்சமாவது பணம், இன்னும் மிச்சமாகாதது நேரம். பஸ் முன்னுரிமையை நான் இவ்வளவு அழுத்திப் பேசுவது அவர்களுக்காகத்தான்.

இந்த யோசனையின் பலவீனம் டூவீலர். மதுரையில் பஸ்சின் உண்மையான போட்டியாளர் கார் இல்லை, டூவீலர்தான். பெயிண்ட் அடித்த தடத்துக்குள் அது தண்ணீர் மாதிரி நுழையும். அதனால் தடத்தின் நுழைவாயிலில் கம்பமும், காலையிலும் மாலையிலும் கண்காணிப்பும் இல்லாமல் தொடங்கவே கூடாது. பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நிற்பதற்கும் தனியாக இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். விரட்டினால் மட்டும் போகாது. அதை நம்பியும் ஏராளமான பேர் பயணம் செய்கிறார்கள்.

சரி, மாசி வீதித் தடைக்கு வருவோம். இது மதுரைக்குப் புதிதில்லை. சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. கோயிலைச் சுற்றி நிம்மதியாக நடக்கிறோம். சித்திரைத் தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருகிற அன்றைக்கு எந்தக் காரும் உள்ளே வருவதில்லை, யாரும் குறையும் சொல்வதில்லை. ஆனால் அது ஒருநாள். தினமும் என்றால் கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரரின் கேள்வி வேறு: “சரக்கு எப்படி வரும்?” டெல்லி சாந்தினி சவுக்கில் 2021 முதல் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனத்துக்குத் தடை. சரக்கு அந்த நேரத்துக்கு வெளியே. இங்கும் அதிகாலையிலும் இரவிலும் சரக்கு இறக்க முடியும். ஆனால் சுமைதூக்கும் தொழிலாளிகளின் வேலை நேரமும் கூலியும் மாறும். அவர்களிடம் பேசாமல் ஆணை மட்டும் போட்டால், அது ஒரு மாதம்கூடத் தாங்காது.

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினார்கள். கூட்டம் இன்றைக்கும் அங்கே அலைமோதுகிறது. ஆனால் தி.நகருக்கு மாம்பலம் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்திலேயே உண்டு. கடைக்கு வருகிறவர் காரை வீட்டில் விட்டுவிட்டு வர ஒரு வழி இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தெற்கு மாசி வீதியில் கல்யாண ஜவுளி எடுக்க உசிலம்பட்டியிலிருந்து வருகிற குடும்பம் பெரியாரில் இறங்கி நடந்துவிடும். பை நிறைந்த பிறகு, பாட்டியையும் வைத்துக்கொண்டு, திரும்பி நடக்காது.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், வடக்கு ஆவணி மூல வீதியில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பலமாடி பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள். அது மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கிறது. உள்ளே கார் வேண்டாம் என்று ஒரு கையால் தடுத்து, உள்ளே வந்து நிறுத்து என்று இன்னொரு கையால் அழைக்க முடியாது. அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு வழியைத் திறந்துவைத்து, மற்ற வீதிகளை மூடலாம். அதைவிட அங்கே வசிப்பவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மாதக் கட்டணத்தில் ஒதுக்கி, யாத்திரிகர் வேன்களை வெளியிலேயே நிறுத்துவது மேல்.

இரண்டையும் எதிரெதிரே வைத்தால் எனக்குத் தெரிவது இது: பஸ் முன்னுரிமையில் இழப்பவர் சில வினாடி இழக்கிறார், பிடிக்காவிட்டால் கம்பத்தைப் பிடுங்கிவிடலாம். மாசி வீதித் தடையில் இழப்பவர் பிழைப்பையே இழப்போமோ என்று பயப்படுகிறார். முன்னதைச் செய்ய மாநகராட்சியும் நெடுஞ்சாலைத்துறையும் போக்குவரத்துக் கழகமும் காவல்துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதுதான் அதன் கஷ்டம். பின்னதற்கு ஒரு அறிவிப்பே போதும். அதனால்தான் அதிகாரிகளுக்குத் தடை போடுவது எளிதாகத் தோன்றுகிறது. எளிதானதை முதலில் செய்து மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தால், பிறகு பஸ்சுக்கு ஒரு அடி இடம் கேட்டாலும் யாரும் தர மாட்டார்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். வெளி வீதிகளில் சாலையோர பார்க்கிங்கை எடுத்து, பெரியார் - சிம்மக்கல் பஸ்களுக்கு வழி விடுங்கள். யானைக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் பஸ் முந்தும் துண்டுத் தடங்களைப் போடுங்கள். மாசி வீதிகளைச் சுற்றி மினி பஸ்சோ பேட்டரி வண்டியோ அடிக்கடி ஓடட்டும். பாட்டி ஏறி உட்கார ஒரு வண்டி வந்த பிறகு, முதலில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாள் மாலைகளிலும் மட்டும் கார்களை நிறுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களின் விற்பனை எப்படி இருந்தது என்று கடைக்காரர்களே சொல்லட்டும். தினசரித் தடை வேண்டுமா என்பதை அதைக் கேட்டபின் முடிவு செய்யலாம்.